சினைப்பை இல்லாத எலிக்கு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வந்தது?

பெண் சுண்டெலிகளின் சினைப்பையைச் சிறு வயதிலேயே எடுத்துவிட்டால் மார்புக் கட்டி வருவது வெகுவாகக் குறைகிறது என்று 1916இல் லியோ லோபும் அபி லேத்ராப்பும் எழுதினார்கள் (லேத்ராப் எலி வளர்த்து விற்ற முன்னாள் பள்ளி ஆசிரியை, அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்). 1932இல் பாரிஸில் அந்துவான் லக்காசான் ஆண் எலிகளுக்கு ஈஸ்ட்ரோன் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) ஊசி போட்டபோது அவற்றுக்கும் மார்புப் புற்றுநோய் வந்தது. சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது, அது கட்டியை வளர்க்கிறது, அவ்வளவுதான் என்று தோன்றும்.

ஆனால் 1939இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், டிபிஏ என்ற வகை எலிகளுக்குப் பிறந்த உடனேயே சினைப்பையை எடுத்துப் பார்த்தார்கள். கட்டி அப்போதும் வந்தது. அறுத்துப் பார்த்தால், சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தது.

இது ஏன் விசித்திரம் என்பதற்கு ஈஸ்ட்ரோஜன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் தயாராகும் விதம் தெரிய வேண்டும். எல்லாம் கொலஸ்ட்ராலில்தான் தொடங்குகிறது. அதில் 27 கார்பன். வெட்டினால் 21 கார்பன் உள்ள புரோஜெஸ்டிரோன் வகை, இன்னும் வெட்டினால் 19 கார்பன் உள்ள ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன் வகை), கடைசியில் அரோமடேஸ் என்ற நொதி ஒரு கார்பனைக் கழற்றிவிட்டால் 18 கார்பன் உள்ள ஈஸ்ட்ரோஜன். வளர்ந்த எலியின் அட்ரினலில் 21இலிருந்து 19க்கு வெட்டும் நொதி கிட்டத்தட்ட இல்லை, கார்டிசால் என்ற அட்ரினல் ஹார்மோனைச் செய்யவும் அதே நொதி வேண்டும், அதனால்தான் எலிக்கு நம்மைப்போல கார்டிசால் இல்லை, அதன் இடத்தில் கார்டிகோஸ்டிரோன்தான். அப்புறம் எப்படி அந்த எலிகளின் அட்ரினல் பாலியல் ஹார்மோன் செய்தது? சினைப்பை போனதும் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குக் கடிவாளம் போய்விடுகிறது, சினைப்பையைத் தூண்ட அது சுரக்கும் எல்ஹெச் ஹார்மோன் எகிறுகிறது, சில எலி வகைகளில் அந்த ஓயாத உந்துதலால் அட்ரினல் செல்களே சினைப்பைச் செல்களைப்போல மாறி, இல்லாத நொதியையும் செய்ய ஆரம்பிக்கின்றன.

மனிதர்களின் அட்ரினலுக்கு இந்த மாற்றமெல்லாம் தேவையில்லை, அது எப்போதுமே ஆண்ட்ரோஜன் தருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களில் கொழுப்புத் திசுவும், பல சமயம் கட்டியுமே, அதை ஈஸ்ட்ரோஜனாக்கிக்கொள்கின்றன. சாதாரண எலியில் இதைப் பார்க்க முடியாது. அதனால் ஆய்வாளர் ஆஞ்செலா பிராடியின் குழு, அரோமடேஸ் மரபணு சேர்த்த மனித மார்புப் புற்றுநோய்ச் செல்களை, சினைப்பை நீக்கிய, எதிர்ப்புச் சக்தி குறைந்த எலிகளில் வளர்த்து, மூலப்பொருளாக ஆண்ட்ரோஸ்டீன்டியோன் என்ற ஆண்ட்ரோஜனை ஊசியில் கொடுத்தது. கட்டி தனக்கான ஈஸ்ட்ரோஜனைத் தானே செய்துகொண்டது. அங்கே லெட்ரோசோல் என்ற மருந்து டமாக்சிஃபென் என்ற மருந்தைவிட நன்றாக வேலை செய்தது: டமாக்சிஃபென் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஒட்டும் ஏற்பியை மட்டும் மறிக்கிறது, லெட்ரோசோல் அரோமடேஸைத் தடுத்து ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே நிறுத்துகிறது.

சினைப்பை இயங்கும் இளம் பெண்களுக்கு லெட்ரோசோலை மட்டும் கொடுத்தால் போதாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிட்யூட்டரி சினைப்பையை இன்னும் வேகமாகத் தூண்டும், அதனால் சினைப்பையை அடக்கும் ஊசியும் சேர்த்தே போடுகிறார்கள்.