ராஜ்கிரா: எந்த ஊருக்கு எந்த ரகம்?

ராஜ்கிரா விதையை உள்ளங்கையில் கொட்டினால் கசகசா என்றுதான் முதலில் தோன்றும். ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். காய்ந்த வாணலியில் ஒரு சிட்டிகை போட்டால் சில நொடிகளில் வெள்ளையாகப் பொரிந்து துள்ளும். வட இந்தியாவில் விரத நாட்களில் இதை வெல்லப்பாகில் சேர்த்து லட்டு பிடிப்பார்கள். நம் முளைக்கீரைக்கும் தண்டுக்கீரைக்கும் இது நெருங்கிய சொந்தம். அவற்றை இலைக்காக வளர்க்கிறோம், இதை விதைக்காக.

இமயமலைச் சரிவுகளில் இது மானாவாரிப் பயிர். மே, ஜூனில் விதைத்து மழை முடிந்ததும் அறுப்பார்கள். வடக்கு குஜராத்தின் பனஸ்காந்தாவில் இதுவே குளிர்காலப் பயிர். தண்ணீர் பாய்ச்சி வளர்க்கிறார்கள். ரகங்களும் அப்படித்தான் பிரிந்திருக்கின்றன. அன்னபூர்ணா சிம்லாவில் தேர்ந்தெடுத்தது, சுவர்ணா பெங்களூரில் வந்தது, குஜராத்துக்கு குஜராத் அமராந்த் வரிசை (அமராந்த் என்பது ராஜ்கிராவின் ஆங்கிலப் பெயர்).

சரி, சிம்லாவில் நன்றாக விளையும் ரகத்தைப் பெங்களூரில் விதைத்தால் என்ன ஆகும்? இங்கேதான் சூரியன் குறுக்கே வருகிறது. ராஜ்கிரா பொதுவாகக் குறும்பகல் செடி; பகல் நீளம் குறைந்தால்தான் பூக்கத் தூண்டப்படும். ஜூன் கடைசியில் சிம்லாவில் பகல் ஏறத்தாழ 14 மணி நேரம். அவ்வளவு நீண்ட பகலில் செடி பூவை நினைக்காது. தண்டும் இலையுமாக வளர்ந்துகொண்டே போகும். ஆகஸ்ட் வாக்கில் பகல் சுருங்கும்போது, நன்கு திரண்ட உடம்போடு கதிர் தள்ளும். பெங்களூரில் ஆண்டின் மிக நீளமான பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. அதே விதை அங்கே, வளர்ந்து முடிக்கும் முன்பே பூக்கப் பார்க்கும். சின்னச் செடி, சின்னக் கதிர். விதையின் மேல் பழி இல்லை, நாட்காட்டிதான் மாறிவிட்டது.

மண்ணும் தன் பங்குக்கு விளையாடும். விதை இவ்வளவு பொடியாக இருப்பதால் ஆழமாக விதைக்க முடியாது. விதைத்த மறுநாள் ஒரு மழை அடித்து, மண்ணின் மேல் ஓடு கட்டிவிட்டால் முளை அதை முட்டித் திறக்கத் திணறும். தண்ணீர் தேங்கினாலும் தாங்காது.

இத்தனையும் கலந்து வரும்போது ரகங்களை எப்படி எடை போடுவது? பல ஊர்களில், பல ஆண்டுகள் ஒன்றாக விதைத்துப் பார்க்கிறார்கள். அப்புறம் சராசரியைப் பார்த்தால் போதாதா? போதாது. புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். மூன்று வயல்கள்: மோசம், சுமார், நல்லது. எல்லா ரகங்களையும் சேர்த்த சராசரி மகசூல் எக்டேருக்கு 6, 12, 18 குவிண்டால். முதல் ரகம் தருவது 9, 12, 15. இரண்டாவது தருவது 3, 12, 21. இரண்டுக்கும் சராசரி 12தான்! ஆனால் முதல் ரகம் மோசமான வயலிலும் கைவிடாது. இரண்டாவது, தண்ணீரும் உரமும் இருந்தால் அள்ளிக் கொடுக்கும், இல்லாவிட்டால் காலை வாரிவிடும்.

1966-இல் எபர்ஹார்ட், ரசல் என்ற இரு மக்காச்சோள ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். வயலின் தரத்தை, அதாவது அங்கே எல்லா ரகங்களும் சேர்ந்து தந்த சராசரியை, கிடைக்கோட்டிலும் ரகத்தின் மகசூலை நெடுக்கோட்டிலும் குறித்து ஒரு கோடு போட வேண்டும். கோட்டின் சரிவு 1 என்றால் ரகம் வயலோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. நம் கணக்கில் முதல் ரகத்துக்கு 0.5, இரண்டாவதற்கு 1.5. புள்ளிகள் கோட்டை விட்டு எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். சிதறல் அதிகமானால் அந்த ரகத்தை முன்கூட்டிக் கணிக்க முடியாது. இன்றுவரை ராஜ்கிரா ஆய்வுகளிலும் இந்தக் கணக்கு புழங்குகிறது.

என்னைக் கேட்டால், மழையை மட்டும் நம்பியிருக்கும் மலை விவசாயிக்கு அந்த 9 குவிண்டால் ரகம்தான் சோறு போடும். பரிந்துரைப் பட்டியலில் சராசரியை மட்டும் அச்சிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

உத்தராகண்டின் கார்வால் மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே பாரஹ்நாஜா என்ற பழைய முறையில் பன்னிரண்டு தானியங்களையும் பருப்புகளையும் ஒரே வயலில் கலந்து விதைப்பார்கள். கேழ்வரகுக்கு மேலே சிவப்புக் கதிரோடு ராஜ்கிரா நிற்கும். ராஜ்மா கொடி பக்கத்துச் செடியைப் பற்றி ஏறும். சோதனைப் பாத்தியில் தனியாக வளர்ந்து பேர் வாங்கிய ரகத்துக்கு, இந்தக் கூட்டமே ஒரு புதுச் சூழல்.