மூன்று முட்டை, மூன்று பிறந்தநாள்

இங்கிலாந்தின் ரட்லாந்து நீர்த்தேக்கத்தில் இருக்கும் விராலடிப்பான் கூட்டை இணைய நேரலையில் பார்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "மூன்று முட்டையும் ஒரே தாய் இட்டவை. ஒரே நாளில் பொரியாதது ஏன்? மூத்தது இளையதைக் கொத்தும்போது தாய் தடுக்காதது ஏன்?"

மீனையே நம்பி வாழும் கொன்றுண்ணிப் பறவை இது. இதே இனத்தைக் குளிர்காலத்தில் நம் ஏரிகளிலும் பார்க்கலாம். வேட்டையாலும் முட்டைத் திருட்டாலும் பிரிட்டனில் இனப்பெருக்கம் அற்றுப்போய், 1954-இல் ஸ்காட்லாந்தின் கார்ட்டன் ஏரியருகே மறுபடி கூடு கட்டியது. ரட்லாந்தில் 1996 முதல் ஸ்காட்லாந்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்துப் பறக்கவிட்டார்கள். 2001-இல் அங்கே முதல் குஞ்சு பொரிந்தது.

இனி கேள்விக்கு வருவோம். முட்டையை இட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்குவதில்லை, சூடு பட்ட பிறகுதான் ஓடும். சுமார் 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கருவின் வளர்ச்சி ஏறத்தாழ நின்றே கிடக்கும். நாட்டுக்கோழி நாளுக்கொன்றாக இட்டுச் சேர்த்துவிட்டு, பிறகு அடைக்கு உட்காருகிறது; அதனால் குஞ்சுகள் ஒன்றாக வருகின்றன. விராலடிப்பான் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் முட்டையிடும். ஆனால் கடைசி முட்டைக்குக் காத்திராமல் முதல் முட்டையிலேயே அடைகாக்க ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு முட்டைக்கும் ஏறக்குறைய 37 நாள் ஆகும் என்பதால், இட்ட இடைவெளி ஏறத்தாழ பொரியும் இடைவெளியாகிறது. கடைக்குட்டி கண் திறக்கும்போது மூத்தது நாலைந்து நாள் மீன் தின்று பருத்திருக்கும்.

இதனால் என்ன லாபம்? பறவையியலாளர் டேவிட் லாக் தந்த விளக்கம் இது: முட்டையிடும் ஏப்ரலில், ஜூனில் மீன் எப்படிக் கிடைக்கும் என்பது தாய்க்குத் தெரியாது. மீன் தாராளமாகக் கிடைத்தால் மூத்தது தீனிப்பை புடைக்கத் தின்றுவிட்டுப் படுத்துவிடும், இளையதற்கும் வாய்க்கு வரும். ஆண் கொண்டுவரும் மீன் குறைந்தால் கொத்தல் கூடும், கடைசிக் குஞ்சு மடியும், மற்றவை தேறும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் பஞ்ச காலத்தில் மூன்றுமே மெலியும். தாய் எதையும் பங்குபோட்டுத் தருவதில்லை. முன்னே நீளும் அலகுக்கே ஊட்டுகிறது. அதைக் "கல்நெஞ்சக்காரி" என்று திட்டுவோரும், குஞ்சை எடுத்துக் காப்பாற்றச் சொல்வோரும் மீன்வரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

கேமரா இல்லாமலும் கூட்டைப் படிக்கலாம். முக்காலியில் 20 முதல் 60 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி போதும். அடைகாக்கும் பறவையின் தலை மட்டும் கூட்டின் விளிம்புக்கு மேலே தெரியும். குஞ்சு பொரிந்ததும் தாய் சற்று உயர்ந்து, இறக்கையைத் தளர்த்தி உட்காரும். ஆண் மீனோடு வந்த பின் பெண் குனிந்து குனிந்து நிமிர்ந்தால் ஊட்டல் தொடங்கிவிட்டது என்று பொருள். மீனுக்குத் தலை இல்லாவிட்டால் வியக்க வேண்டாம், ஆண் வழியிலேயே தின்றிருக்கும். காலையில் பாருங்கள், வெயில் ஏறினால் நீர்ப்பரப்பின் மேல் காற்று நெளிந்து உருவம் கலங்கும். காற்றடித்தால் முக்காலியின் கால்களை நீட்டாமல் தாழ்த்தி வையுங்கள்.

பெண் எழுந்து நின்று உங்களை நோக்கி விடாமல் கத்தினால் நீங்கள் மிக அருகில் போய்விட்டீர்கள். வந்த வழியே பின்வாங்குங்கள். புதுக் குஞ்சால் தன் உடல்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாய் எழுந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது குளிர்கிறது, காகத்துக்கும் கூடு திறந்து கிடக்கிறது. பிரிட்டனில் இந்தப் பறவையைக் கூட்டருகே தொந்தரவு செய்வது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.