காருக்கு வீட்டிலேயே இனாமல் அடிக்கப் போகிறீர்களா?

கார் பெயின்டிங் பட்டறையில் வேலை பார்க்கிற என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி, ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற இனாமலைக் காருக்கு அடிக்கலாமா என்பது. அடிக்கலாம். வண்டி பழசு, முழு பெயின்டிங்குக்குக் கையில் பணமில்லை, துரு வேறு பரவிக்கொண்டிருக்கிறது என்றால் அப்படியே விடுவதைவிட இனாமல் எவ்வளவோ மேல். ஆனால் டப்பாவைத் திறக்கும் முன் அது எப்படிக் காய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் அடித்துக் கெட்டுப்போய் என்னிடம் வருகிற வண்டிகளில் பெரும்பாலும் பிழை அங்கேதான் நடந்திருக்கிறது.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) என்கிற கார் பெயின்ட், அதை இளக்கக் கலக்கிற தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும். இனாமலுக்கு அது முதல் படிதான். இனாமலை இளக்குகிற டர்பன்டைன் ஆவியாகிப் போன பிறகு, அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து மெல்ல மெல்ல இறுகும். சில மணி நேரத்தில் தொட்டால் கையில் ஒட்டாது, சரிதான், ஆனால் முழுசாக இறுக வாரக்கணக்கில் ஆகும். ஒருவர் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று கதவுக்குத் தடிமனாக அடித்து, மறுநாள் வெயிலில் நிறுத்திவிட்டுக் கொண்டுவந்தார். ஆறிய பாலில் ஆடை சுருங்கி நிற்குமே, கதவு அப்படி இருந்தது. நகத்தால் லேசாக அழுத்தினேன், மேல்தோல் வழுக்கி விலகியது, உள்ளே பெயின்ட் இன்னும் பசையாகவே இருந்தது. மேலே தோல் கட்டிவிட்டால் உள்ளே காற்று போகாது, அவ்வளவுதான் விஷயம். முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

அதனால் மெல்லிசாக அடியுங்கள். ஸ்ப்ரே கன் இல்லையென்றால் நல்ல ஃபோம் ரோலர் போதும், டர்பன்டைன் கலந்து பெயின்டை இளக்கி, ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் டப்பாவில் போட்டிருக்கிற நேரம் முழுக்க விட்டு, 600 அல்லது 800 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு அடுத்ததை அடிக்க வேண்டும். நாலைந்து கோட் ஆகும். முதல் கோட் திட்டுத்திட்டாகத்தான் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து அப்பிவிடாதீர்கள். சூடாக இருக்கிற தகட்டிலும் பனி இறங்குகிற நேரத்திலும் அடிக்க வேண்டாம், பளபளப்பு போய்விடும். காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றுகிற பசை) போட்டுப் பாலிஷ் செய்வதை முழுசாக இறுகும் வரை தள்ளிப்போடுங்கள்.

பெயின்டுக்கு முந்திய வேலைதான் பாதிக்கு மேல். துருவைத் தகடு பளிச்சென்று தெரியும் வரை தேய்க்காமல் மேலே மூடினால் அது அடியிலேயே வளர்ந்து கொப்புளமாகக் கிளம்பும். தகடு தெரிகிற இடத்தில் உலர்வாகத் தேய்த்து உடனே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள், தண்ணீர் பட்டால் மறுபடி துருதான். பழைய பாலிஷின் மெழுகு, சிலிகான் துளி இருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தை விட்டு வட்டவட்டமாக விலகி நிற்கும். பிளாஸ்டிக் பம்பருக்கு அதற்கென்று இருக்கிற பிரைமர் இல்லாமல் இனாமல் உரிந்து வரும்.

இன்னொன்று, இது பின்னாடி பணத்தைத் தின்கிற விஷயம். நாளைக்குப் பட்டறையில் வேறு பெயின்ட் அடிக்கக் கொடுத்தால், அடியில் இருப்பது இனாமல் என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள். என்.சி. தின்னரோ, ஹார்டனர் என்கிற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கிற 2கே பெயின்டோ மேலே பட்டால் இனாமல் ஊறிச் சுருண்டு எழும்பிவிடும்.

சீக்கிரம் காயட்டும் என்று சிலர் இனாமலில் 2கே ஹார்டனர் கலந்து வீட்டில் ஸ்ப்ரே செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. அது மூச்சுக்குழாயில் ஒவ்வாமையை உண்டாக்கி, ஒருமுறை ஆஸ்துமா பிடித்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும். துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் அதைத் தடுக்காது. அதை அடிக்கிறவர்களுக்கு வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வருகிற மாஸ்க் வேண்டும், தனி அறை வேண்டும். வெறும் இனாமலுக்கே கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும், பக்கத்தில் அடுப்போ கேஸ் கீசரின் பைலட் சுடரோ எரியக்கூடாது, ஏனென்றால் டர்பன்டைன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய்த் தீப்பிடிக்கும்.

வேலை முடிந்ததும் பெயின்ட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவோம், இல்லையா? இறுகும்போது இனாமல் சூட்டை வெளியே விடுகிறது. கதவில் மெல்லிசாக இருக்கும்போது அது தெரியாது, சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகவே தீப்பற்றும். ஒருநாள் சாயங்காலம் பட்டறையைப் பூட்டும்போது அப்படி ஒரு சுருட்டலை எடுத்தேன். யாரும் நெருப்பு வைக்கவில்லை, வெயிலும் படவில்லை, ஆனாலும் நடுவில் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடு. அன்றிலிருந்து ஒவ்வொரு துணியையும் வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுகிறேன். அதற்கு நேரமில்லாத நாளில் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமுக்கி மூடிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.