பிக் – துருவி

எண்ணெய், எரிவாயுக் குழாய்த் தொழிலில் இருப்பவர்கள் "இந்த லைனுக்கு பிக் ஓட்டணும்" என்பார்கள். மண்ணுக்குள் புதைந்த இரும்புக் குழாயைத் தோண்டாமலே, எங்கே எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்த்து வர உள்ளே அனுப்பும் கருவி அது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பன்றி என்றே பொருள். முதலில் அது சுத்தம் செய்யத்தான் பயன்பட்டது. வைக்கோல் கட்டில் முள்கம்பியைச் சுற்றிக் குழாய்க்குள் விட்டால், எண்ணெயின் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டு போகும். சுவரில் உரசும்போது பன்றி கத்துவதுபோலக் கிறீச்சிட்டதால் இப்பெயர் வந்தது என்று தொழிலில் சொல்வார்கள். 'பைப்லைன் இன்ஸ்பெக்‌ஷன் கேஜ்' என்பதன் சுருக்கம் என்ற விளக்கம் பின்னாளில் ஒட்டவைத்தது.

ஆய்வு செய்யும் 'ஸ்மார்ட் பிக்' 1960-களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. அதிலுள்ள வலுவான காந்தங்கள் போகிற வழியெல்லாம் குழாய்ச் சுவரைக் காந்தமாக்கும். இரும்பு முழுக் கனத்தோடு இருந்தால் காந்தப்புலம் அதற்குள்ளேயே ஓடும். அரித்து மெலிந்த இடத்தில் வெளியே கசியும். சுற்றிலும் உள்ள உணரிகள் அந்தக் கசிவைப் பதிவு செய்ய, சுவரில் உருளும் சிறு சக்கரம் தூரத்தை அளக்கும். அப்புறம் எத்தனையாவது மீட்டரில் பழுது என்று பார்த்து, அங்கே மட்டும் தோண்டினால் போதும்.

இதை ஓட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அலாஸ்காவின் புரூடோ பே எண்ணெய் வயல் காட்டியது. 2006 மார்ச்சில் அங்கே 2 லட்சம் காலனுக்கு மேல் கச்சா எண்ணெய் பனிவெளியில் கொட்டியது. கலைமான்கள் கடப்பதற்காகச் சரளை மேடிட்டுக் குழாயை மூடியிருந்த இடம் அது. உள்ளிருந்து அரித்து விழுந்த ஓட்டை பாதாம்பருப்பு அளவுதான். அந்தக் குழாயில் கடைசியாக பிக் ஓட்டியது 1998-இல்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'பன்றி' என்று பெயர்த்தால் வேலை விளங்காது. 'பிக்கு' என்று உகரம் சேர்த்தால் பௌத்தத் துறவி ஆகிவிடும். 'குழாய் ஆய்வுக் கருவி' தவறில்லை. ஆனால் சுத்தம் செய்யும் வகை அதில் அடங்காது. என் தேர்வு 'துருவி'.

தேங்காய் துருவும்போது ஓட்டின் உட்புறத்தைச் சுரண்டியபடியே சுற்றி வருகிறோம். விஷயத்தை விடாமல் விசாரிப்பதையும் 'துருவித் துருவிக் கேட்டான்' என்கிறோம். சுரண்டுவது, நுணுகித் தேடுவது ஆகிய இந்தக் கருவியின் இரண்டு வேலைகளும் ஒரே வினைச்சொல்லுக்குள் முன்பே இருக்கின்றன. ஆங்கிலப் பெயரில் இருப்பது வெறும் சத்தம். நம் சொல்லில் வேலையே இருக்கிறது.

சுத்தம் செய்வதைத் 'துப்புரவுத் துருவி' என்றும், காந்தம் வைத்து ஆராய்வதை 'ஆய்வுத் துருவி' என்றும் பிரித்துக்கொள்ளலாம். "இந்த லைனுக்குத் துருவி ஓட்டணும்" என்று சொல்லிப் பாருங்கள், வாயில் இடறவில்லை.