ஆட் பிளாக்கர் போடுமுன் பெயரைச் சரியாகப் படியுங்கள்

தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேடி ஏதோ ஒரு இலவச டவுன்லோடு தளத்துக்குப் போகிறீர்கள். பக்கத்தில் ‘டவுன்லோடு’ என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறது. மூன்று இடத்தில் பளிச்சென்ற பச்சைப் பொத்தான். நான்காவது, கீழே பொடி எழுத்தில் ஒரு நீல இணைப்பு. எழுத்துரு இருப்பது அந்த நீல இணைப்பில்தான். பச்சைப் பொத்தான்கள் மூன்றும் விளம்பரங்கள். அமுக்கினால் ‘பிசி கிளீனர்’, ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று ஏதாவது இறங்கும். ஆட் பிளாக்கர் உள்ள பிரவுசரில் அதே பக்கத்தைத் திறந்தால் பச்சைப் பொத்தான்கள் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

எரிச்சல் குறைவது உபரி லாபம்தான். முதல் காரணம் பாதுகாப்பு. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற பெரிய தளங்களில் ஓடிய விளம்பரங்கள் வழியாகவே தீநிரல் பரவியது. தளங்கள் எதுவும் உடைக்கப்படவில்லை. அவை இடம் கொடுத்த விளம்பர வலையமைப்புக்குள் கெட்ட விளம்பரம் நுழைந்தது, அவ்வளவே. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, தேடல் முடிவுகளுக்கு மேலே வரும் விளம்பரங்களில் மோசடிக்காரர்கள் பிரபல நிறுவனங்களின் பெயரில் போலித் தளங்களைக் காட்டுகிறார்கள் என்று எச்சரித்து, தேடும்போது ஆட் பிளாக்கர் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கு வெளிப்படையாகவே சொன்னது. ‘கஸ்டமர் கேர் நம்பர்’ தேடிப் போலி எண்ணுக்குப் போன் செய்து பணம் இழப்பவர்கள் நம் ஊரிலும் உண்டு. அப்படி நடந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். நேரம் போகப் போகப் பணத்தை முடக்குவது கடினமாகும்.

எப்படித் தடுக்கிறது?

ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் அந்தத் தளத்தோடு மட்டும் பேசுவதில்லை. விளம்பர நிறுவனங்கள், கண்காணிப்பு நிறுவனங்கள், வீடியோ வழங்கிகள் என்று பல இடங்களுக்குத் தனித்தனிக் கோரிக்கை அனுப்புகிறது. ஆட் பிளாக்கர் அந்தக் கோரிக்கை ஒவ்வொன்றையும் ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, பட்டியலில் இருந்தால் வெளியே போகவே விடாது. ஈஸிலிஸ்ட், ஈஸிபிரைவசி ஆகியவை அத்தகைய பட்டியல்கள். தன்னார்வலர்கள் பராமரிக்கும் வெறும் உரைக் கோப்புகள்தான். ஒரு வரிக்கு ஒரு விதி.

ஒரு வரி || என்று தொடங்கி, ஒரு தள முகவரி வந்து, ^ என்று முடிந்தால் ‘இந்த முகவரிக்கு எதுவும் போகக் கூடாது’ என்று பொருள். தளப் பெயருக்குப் பின் ## வந்தால் ‘அந்தத் தளத்தில் இந்தப் பெட்டியை மறை’ என்று பொருள். @@ என்று தொடங்கினால் விதிவிலக்கு. முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். முதல் வகை விளம்பரத்தை இறக்கவே விடாது. டேட்டா மிச்சம், கண்காணிப்பும் நிற்கும். இரண்டாம் வகை கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவுதான். சில தளங்களில் விளம்பரம் தெரியாவிட்டாலும் பக்கம் மெதுவாகவே திறப்பது இதனால்தான்.

ஆட் பிளாக்கர் என்பது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது துணைநிரல். இவ்வளவும் செய்ய அந்த எக்ஸ்டென்ஷனுக்கு எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி வேண்டும். நிறுவும்போது பிரவுசர் அதைத்தான் கேட்கிறது. நாம் படிக்காமல் ‘சேர்’ என்ற பொத்தானை அமுக்குகிறோம். மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, தட்டச்சு செய்யும் கடவுச்சொல் எல்லாமே அந்த அனுமதிக்குள் அடக்கம்.

எதைப் போடுவது?

பெயர்க் குழப்பம் இங்கே கொஞ்சநஞ்சமில்லை. யூபிளாக் என்ற எக்ஸ்டென்ஷனை 2014-இல் எழுதியவர் ரேமண்ட் ஹில். அடுத்த ஆண்டு திட்டத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தன் பதிப்பை ‘யூபிளாக் ஆரிஜின்’ என்ற பெயரில் தொடர்ந்தார். ‘ஆரிஜின்’ இல்லாத யூபிளாக் பிறகு கைமாறியது; 2019 முதல் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்று சிலவற்றை உள்ளே விடுகிறது. இரண்டுக்கும் இன்று எந்த உறவும் இல்லை. ஆட்பிளாக் பிளஸ் இந்த ஏற்பாட்டை 2011-லேயே தொடங்கியது. பெரிய விளம்பர நிறுவனங்கள் அதில் இடம்பெறக் கட்டணம் செலுத்துகின்றன. அமைப்புகளில் ஒரு டிக்கை எடுத்தால் அதுவும் நின்றுவிடும். ஆனால் எடுப்பவர்கள் சிலரே. எங்கள் பரிந்துரை யூபிளாக் ஆரிஜின். கட்டணம் இல்லை, நன்கொடை கேட்பதில்லை, மூலநிரல் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் திறந்தே இருக்கிறது.

போலிகள் விஷயத்தில் குரோம் ஸ்டோரில் இருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள். 2018-இல் ஆட்கார்ட் நிறுவனம் ஐந்து போலி ஆட் பிளாக்கர்களை அம்பலப்படுத்தியது. அவற்றை நிறுவியிருந்தவர்கள் 2 கோடிக்கு மேல். 2019-இல் ‘ஆட்பிளாக்’, ‘யூபிளாக்’ என்று அப்படியே பெயரை வைத்துக்கொண்ட இரண்டு போலிகள் பிடிபட்டன. அவை நிஜமாகவே விளம்பரத்தைத் தடுத்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. நிறுவி இரண்டு நாளுக்கு மேல் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, பிறகு நீங்கள் போகும் கடைத் தளங்களில் கமிஷன் குக்கீகளை, அதாவது நீங்கள் வாங்குவதற்கான தரகைத் தங்களுக்கு வரச்செய்யும் சிறு அடையாளக் கோப்புகளை, செருகத் தொடங்கின. ‘நன்றாக வேலை செய்கிறதே’ என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே தேடுபொறியில் தேடி முதலில் வரும் இணைப்பை அமுக்க வேண்டாம். அதுவே விளம்பரமாக இருக்கலாம். திட்டத்தின் கிட்ஹப் பக்கத்துக்குப் போய், அங்குள்ள இணைப்பு வழியாக ஸ்டோருக்குப் போங்கள். ஸ்டோர் பக்கத்தில் உருவாக்கியவர் பெயரையும், பயனர் எண்ணிக்கையையும் பாருங்கள். யூபிளாக் ஆரிஜின் என்ற பெயருக்குப் பின் ‘பிளஸ்’, ‘ப்ரோ’, ‘அல்டிமேட்’, ‘2025’ என்று வால் ஒட்டியிருந்தால் விலகிவிடுங்கள்.

ஒன்று போதும். இரண்டு ஆட் பிளாக்கர் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்காது. ‘ஆட் பிளாக்கரை அணைத்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்லும் தளங்களை ஏமாற்ற ஒன்று செய்யும் தந்திரத்தை மற்றொன்று கெடுத்துவிடும். யூடியூப் 2023 முதல் இப்படித் தடுக்கத் தொடங்கியபின் வந்த புகார்களில், ஆட் பிளாக்கரோடு இன்னொரு ‘யூடியூப் ஆட் ஸ்கிப்’ எக்ஸ்டென்ஷனும் ஓடிக்கொண்டிருப்பது அடிக்கடி காணும் காட்சி.

குரோமில் என்ன ஆனது?

‘நேற்று வரை ஓடியது, திடீரென்று அணைந்துவிட்டது’ என்று கேட்பவர்களுக்கு: உங்கள் கணினியில் கோளாறு இல்லை. எக்ஸ்டென்ஷன்கள் எழுதும் முறையை கூகுள் மாற்றிவிட்டது. பழைய முறையில் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷனே பார்த்து முடிவெடுத்தது. மேனிஃபெஸ்ட் வி3 என்னும் புதிய முறையில் விதிகளை முன்கூட்டியே குரோமிடம் கொடுத்துவிட வேண்டும், முடிவெடுப்பது குரோம். விதிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு: ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு 30,000 நிலையான விதிகள் உறுதி, அதற்கு மேல் வேண்டுமானால் எல்லா எக்ஸ்டென்ஷன்களும் பங்கிட்டுக்கொள்ளும் பொதுத் தொகுப்பிலிருந்து எடுக்க வேண்டும். 2024 ஜூனில் எச்சரிக்கைகள் தொடங்கின. 2025-இல் பழைய முறை எக்ஸ்டென்ஷன்கள் குரோமிலிருந்து ஓய்ந்தன. யூபிளாக் ஆரிஜினும் அதில் ஒன்று.

இப்போது இரண்டு வழி. குரோமிலேயே இருக்க விரும்பினால் அதே ரேமண்ட் ஹில் எழுதிய ‘யூபிளாக் ஆரிஜின் லைட்’. இதில் அடிப்படை, உகந்த, முழுமை என்று மூன்று நிலை. ஐகானை அமுக்கினால் வரும் நகர்த்தியால் தளத்துக்குத் தளம் மாற்றலாம். அடிப்படை நிலை கோரிக்கைகளை மட்டுமே தடுக்கும். மறைக்கும் வேலையெல்லாம் மேல் நிலைகளில்தான். பட்டியல்கள் எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே கட்டப்பட்டு வருவதால், புதுப் பதிப்பு வந்தால்தான் புது விதிகளும் வரும். பெரும்பாலானோருக்கு இது போதும்.

இரண்டாவது வழி ஃபயர்ஃபாக்ஸ். அங்கே முழு யூபிளாக் ஆரிஜின் பழையபடி ஓடுகிறது. விளம்பர நிறுவனத்தின் முகவரியைத் தளத்தின் சொந்தத் துணை முகவரிபோல வேடமிட்டு அனுப்பும் ஒரு தந்திரம் உண்டு. அந்த வேடத்தைக் கலைக்கும் வசதி ஃபயர்ஃபாக்ஸ் பதிப்பில் மட்டுமே இருக்கிறது.

நிறுவிய பின்

முழுப் பதிப்பில் ஐகானை அமுக்கி, பல்சக்கரக் குறி வழியாக டாஷ்போர்டுக்குப் போய் ‘ஃபில்டர் லிஸ்ட்ஸ்’ திறங்கள். இயல்பாக டிக் ஆகியிருப்பவற்றைத் தொட வேண்டாம். வட்டாரப் பட்டியல்கள் பகுதியில் ‘இண்டியன்லிஸ்ட்’ இருந்தால் அதைச் சேர்க்கலாம். வட்டாரப் பட்டியலை எக்ஸ்டென்ஷன் பிரவுசரின் மொழியைப் பார்த்துத்தான் தானாகத் தேர்ந்தெடுக்கிறது. பிரவுசரை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழ்த் தளங்களைப் படிப்பவர்களுக்கு அது டிக் ஆகியிருக்காது. குக்கீ அறிவிப்புகள் தொல்லையென்றால் ‘அனாயன்ஸஸ்’ பகுதியில் அதற்கான பட்டியலைச் சேருங்கள். அத்தோடு நிறுத்துங்கள். கண்ணில் படுவதையெல்லாம் டிக் செய்தால் நாலு நாளில் ஏதோ ஒரு தளத்தில் உள்நுழைய முடியாமல் நிற்பீர்கள். எந்தப் பட்டியல் காரணம் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இன்காக்னிட்டோ சாளரத்தில் எக்ஸ்டென்ஷன் தானாக ஓடாது. எக்ஸ்டென்ஷன் விவரப் பக்கத்தில் அதற்கான அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஒரு தளம் உடைந்தால்

வீடியோ ஓடவில்லை, பொத்தான் அமுங்கவில்லை, பணம் செலுத்தும் பக்கம் வெள்ளையாக நிற்கிறது. உடனே எக்ஸ்டென்ஷனை நீக்கிவிடுபவர்கள் அதிகம். தேவையில்லை. ஐகானை அமுக்கினால் வரும் பெரிய பவர் குறியை அமுக்கி, பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு அணையும். கன்ட்ரோல் விசையோடு அமுக்கினால் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அணையும். சரியாகிவிட்டால் காரணம் ஆட் பிளாக்கர். ஆகவில்லையென்றால் வேறு எக்ஸ்டென்ஷனையோ, பிரவுசரின் சொந்த பாப்-அப் தடையையோ சந்தேகியுங்கள்.

பணம் செலுத்தும் இடத்தில் மட்டும் இந்த வரிசை பொருந்தாது. பணம் போய்க்கொண்டிருக்கும்போது ரீலோட் செய்தால் இரண்டு முறை பணம் எடுக்கப்படும் அபாயம் உண்டு. சந்தேகம் இருந்தால் கார்டு விவரம் தருவதற்கு முன்பே, கடைத் தளத்தில் தடுப்பை அணைத்துவிடுங்கள். இன்னொரு சிக்கல்: இந்த பவர் குறி முகவரிப் பட்டையில் தெரியும் தளத்தைத்தான் பார்க்கும். ஓடிபி கேட்கும் வங்கிப் பக்கம் கடைப் பக்கத்துக்குள்ளேயே ஒரு சட்டமாகத் திறந்தால், கடையில் அணைத்தது போதும். பிரவுசர் வங்கியின் முகவரிக்கே தாவிவிட்டால் அங்கே தடுப்பு மறுபடி உயிர்பெறும். ‘கடையில் அணைத்தேன், ஆனாலும் ஓடிபி பக்கம் வரவில்லை’ என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். அடிக்கடி வாங்கும் கடை என்றால் வங்கியின் அந்த முகவரிக்கும் ஒருமுறை அணைத்து வைத்துவிடுங்கள்.

பல தளங்களில் ஒரே நேரத்தில் விளம்பரம் கசியத் தொடங்கினால் ‘ஃபில்டர் லிஸ்ட்ஸ்’ பக்கத்தில் ‘பர்ஜ் ஆல் கேச்சஸ்’, பிறகு ‘அப்டேட் நவ்’.

ஒரு குறிப்பிட்ட பெட்டி மட்டும் உறுத்தினால், அதன் மேல் வலது கிளிக் செய்து ‘பிளாக் எலிமென்ட்’. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, பெட்டிக்குப் பதிலாக அதைச் சுற்றியுள்ள பெரிய சட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவது. கட்டுரையும் சேர்ந்து மறைந்துவிடும். ‘பிரிவ்யூ’ பார்த்த பிறகே ‘கிரியேட்’ அமுக்குங்கள். தவறிவிட்டால் டாஷ்போர்டில் ‘மை ஃபில்டர்ஸ்’ போய்க் கடைசி வரியை அழித்துச் சேமித்தால் பக்கம் திரும்பி வந்துவிடும். ஐகானை அமுக்கினால் தெரியும் மின்னல் குறியால் ஒரு பெட்டியை மறைப்பது தற்காலிகம். ரீலோட் செய்தால் மறைந்தது திரும்ப வரும்.

செல்போனில்

ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. ஃபயர்ஃபாக்ஸ் ஆண்ட்ராய்டில் முடியும்: மெனு, எக்ஸ்டென்ஷன்ஸ், யூபிளாக் ஆரிஜின். ஐபோனில் சஃபாரிக்கு 2015 முதலே தடுப்பான்களுக்கு இடம் உண்டு. 2025-இல் யூபிளாக் ஆரிஜின் லைட்டும் அங்கே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள ‘பிரைவேட் டிஎன்எஸ்’ அமைப்பில் விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியைக் கொடுத்தால் ஆப்களில் வரும் விளம்பரமும் குறையும். ஆனால் வீடியோவும் விளம்பரமும் ஒரே வழங்கியிலிருந்து வரும் யூடியூப்பில் அதற்கு வேலையில்லை. விடுதி, ரயில் நிலைய வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் வராமல் அடம்பிடித்தால் இந்த ‘பிரைவேட் டிஎன்எஸ்’ அமைப்பைச் சற்றுநேரம் அணையுங்கள்.

திரையின் ஓரத்தில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று எட்டிப் பார்ப்பவற்றை ஆட் பிளாக்கர் தடுக்காது. அவை ‘நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க அலோ அமுக்குங்கள்’ என்ற வலையில் எப்போதோ நீங்களே அனுமதி கொடுத்த நோட்டிஃபிகேஷன்கள். குரோம் அமைப்புகளில் தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள் என்று போய், தெரியாத முகவரிகளையெல்லாம் நீக்குங்கள். கணினியை ஃபார்மேட் செய்யக் கொடுக்குமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

விளம்பரத்தால் வாழும் தளங்களின் கதை? நியாயமான கேள்வி. ஆட் பிளாக்கர் சட்டப்படி சரியா என்ற வழக்கில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் ஆட்பிளாக் பிளஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பதிப்புரிமை சார்ந்த வழக்கு தனியாக நடந்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் தினமும் படிக்கும், விளம்பரத்தை அளவோடு போடும் சிறு தளத்துக்கு அதே பவர் குறியால் ஒருமுறை தடுப்பை அணைத்துவிட்டால் அவர்களுக்கும் வருமானம், உங்களுக்கும் பெரிய தொல்லையில்லை.

கடைசியாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து பாருங்கள். புதிய அனுமதி கேட்கும் அப்டேட் வந்தால் குரோம் அந்த எக்ஸ்டென்ஷனை அணைத்துவிட்டு உங்களைக் கேட்கும். ஆட் பிளாக்கருக்கோ எல்லா அனுமதியும் முதல் நாளே கிடைத்துவிட்டது. புதிதாகக் கேட்க ஒன்றுமில்லை. 2020 அக்டோபரில் நானோ ஆட்பிளாக்கர், நானோ டிஃபெண்டர் இரண்டையும் எழுதியவர் விற்றுவிட, வாங்கியவர்கள் அனுப்பிய அப்டேட் சத்தமில்லாமல் இறங்கியது. பலர் கவனித்தது, தாங்கள் பார்க்காத இன்ஸ்டாகிராம் படங்களுக்குத் தங்கள் கணக்கிலிருந்து லைக் விழுந்திருந்ததை வைத்துத்தான். ஸ்டோர் பக்கத்தில் உருவாக்கியவர் பெயர் மாறியிருக்கிறதா, கிட்ஹப் பக்கத்தில் கைமாற்றம் பற்றிய பேச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு, அந்த பிரவுசரில் திறந்திருந்த கணக்குகளில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. உள்நுழைவை நினைவில் வைக்கும் குக்கீ திருடப்பட்டிருந்தால் திறந்திருக்கும் உள்நுழைவு சில தளங்களில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.