வெல்னஸ் கோச்சிங் தொடங்கப் போகிறவர்களுக்கு, வேலூரிலிருந்து ஒரு டயட்டீஷியன்

டயட் கேட்டு வருபவர்கள் ஒரு பக்கம் இருக்க, "மேடம், நானே வெல்னஸ் கோச்சா ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், என்ன பண்ணணும்?" என்று கேட்டு வருபவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலையை விட்டுவிட்ட தம்பி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு நேரம் இருக்கிற சத்துவாச்சாரி அக்கா, தன் உடம்பில் பத்து கிலோ குறைத்துவிட்டு அந்தத் தெம்பில் வந்து நிற்கிற காட்பாடி இளைஞர் என்று பலவிதம். யாரையும் நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. எதை விற்றுச் சம்பாதிக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்பேன், பலரும் அங்கேயே தடுமாறுவார்கள்.

தேவை இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வுப்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். டாக்டர் மாத்திரை எழுதி, எடையைக் குறைங்க, நடங்க, சோற்றைக் கம்மி பண்ணுங்க என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிடும். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு பெண், விடியும் முன்பே எழுந்து எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு, தன் டிபன் பாக்ஸில் தக்காளி சாதத்தை அடைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறவர், எப்போது நடப்பார், எதைக் குறைப்பார்? அவரோடு உட்கார்ந்து அவர் ஒரு நாளை அப்படியே கேட்டு, செய்யக்கூடிய இரண்டே மாற்றத்தைச் சேர்ந்து முடிவு பண்ணி, அடுத்த வாரம் போன் போட்டு "முடிஞ்சதா, எங்க தடங்கல்?" என்று விசாரிக்கிற ஆள் இங்கே இல்லை. அதுதான் கோச் வேலை. கொஞ்சம் சலிப்பான வேலைதான், ஆனால் தாராளமாகக் காசு வாங்கலாம்.

நம் ஊரில் பெரும்பாலும் ஆரம்பிக்கப்படுவது இதுவல்ல, ஷேக் பவுடர் டின் வியாபாரம். நடைமுறை உங்களுக்கே தெரிந்திருக்கும். கைப்பிடி வைத்த எடை மெஷினில் ஏற்றி, "உங்க உடம்பு வயசு 58" என்று பயமுறுத்துவார்கள் (அந்த மெஷின் உடம்பில் ஓடும் மின்னோட்டத்தை வைத்துக் கொழுப்பைக் கணக்கிடுவது, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஏறினாலே எண் மாறலாம்). அப்புறம் ஷேக், அப்புறம் மாதப் பேக்கேஜ், நாலு கிலோ குறைந்ததும் "நீங்களும் கோச் ஆகலாமே" என்று ஸ்டாக் எடுக்கச் சொல்வார்கள். அப்லைன் (உங்களைச் சேர்த்துவிட்டவர்), டவுன்லைன் (நீங்கள் சேர்த்துவிடுபவர்) என்று பேச்சு தொடங்கிவிட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளின்படி சேர்வதற்கு என்று நுழைவுக் கட்டணம் வாங்கக்கூடாது, ஆள் சேர்த்தால் காசு என்கிற பிரமிட் திட்டத்துக்கும் தடை இருக்கிறது. அந்த டின்னைத் திருப்பிப் பாருங்கள், ஹெல்த் சப்ளிமெண்ட் என்றால் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அதிலேயே அச்சடித்திருக்கும். சட்டப்படி அச்சடித்தே ஆகவேண்டும்.

பவுடர் நல்லதா கெட்டதா என்பதல்ல என் பிரச்சினை. உங்கள் வருமானம் டின்னில் இருந்தால், கிரியாட்டினின் ஏறிய, அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாத ஒருவர் எதிரில் உட்காரும்போது "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது. கட்டணம் உங்கள் நேரத்துக்கு என்றால் சொல்ல வரும். இந்த ஒரு முடிவை முதல் நாளே எடுத்துவிட்டால் மற்ற பாதிச் சிக்கல் வராது.

இப்போது மாத்திரை விஷயம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இதைத்தான் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவை அழைத்து வந்தார்கள். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறவர். யாரோ ஒரு கோச் காலை இட்லியையும் ராத்திரிச் சாப்பாட்டையும் எடுத்துவிட்டு ஷேக் கொடுத்திருக்கிறார், மாத்திரை என்ன என்று கேட்கவே இல்லை. மார்க்கெட்டில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நிலைகுலைந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டில் மாரடைப்பு என்று பதறிவிட்டார்கள். சுகர் தாழ்ந்து போயிருந்தது, அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுதான் உயிரையே எடுக்கக்கூடியது. இந்த வகை மாத்திரை நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஆள் மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இது தெரியாமல் சர்க்கரை உள்ளவர்களுக்கு டயட் சொல்ல வராதீர்கள்.

இன்னும் இருக்கிறது. டாபாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தை அடியோடு வெட்டினால், சுகர் பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் கூடி ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். இதய வால்வு ஆபரேஷன் செய்து, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை போடுகிறவர்கள் நம் ஊரில் உண்டு, அவர்களுக்குத் தினமும் ஒரு டம்ளர் கீரை ஸ்மூத்தி என்று திடீரென ஆரம்பித்தால் மருந்தின் வேகம் குறைந்து ரத்தம் உறையலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரும் புரோட்டீன் பவுடரும் ஆரோக்கியம் இல்லை. பிபிக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறவரிடம், மே மாத வேலூர் வெயிலில், உப்பை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் மயங்கி விழலாம். மேல்விஷாரம், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் ரம்ஜான் நோன்பைப் பற்றி கட்டாயம் கேட்பார்கள், நோன்புக்கு மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றுவது டாக்டர் வேலை, நோன்பு தொடங்கச் சில வாரங்கள் முன்பே அவரிடம் அனுப்பிவைப்பது உங்கள் வேலை.

அதனால் கட்டணம் வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு தாளில் கேளுங்கள்: என்ன மாத்திரை, எந்த டாக்டர், கடைசி ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்), கிரியாட்டினின் எவ்வளவு, கர்ப்பமா, ஆபரேஷன் ஏதாவது உண்டா. மாத்திரைப் பெயர் சொல்லத் தெரியாதவர்களிடம் அட்டையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாப்பாட்டைக் குறைத்துச் சுகர் நன்றாக வந்தாலும் மாத்திரையை நிறுத்துங்கள் என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் அனுப்புங்கள், அவரே குறைப்பார். "எங்க கிளையண்ட் மாத்திரையை விட்டுட்டார்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவது இந்தத் தொழிலில் பெரிய பெருமையாக இருக்கிறது, எனக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

விளம்பரத்துக்கும் எல்லை உண்டு. சர்க்கரை, உடல் பருமன், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவுப் பொருளுக்கும் நோய் தீர்க்கும் என்று இஷ்டத்துக்கு விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் கொடுக்காது. 2023 ஆகஸ்டில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை சொன்னபடி, உடல்நலம் பற்றி வீடியோ போடும் இன்ஃப்ளூயன்சர்கள் தகுதி பெற்றவர்களாக இல்லாவிட்டால், இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஆன்லைனில் வார இறுதியில் வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு போர்டில் டயட்டீஷியன் என்று போட வேண்டாம். எங்கள் துறையையும் சேர்த்து முறைப்படுத்த 2021-லேயே சட்டம் வந்துவிட்டது.

கணக்கு வழக்கு சுலபம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், காசு கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். வீட்டில் சத்துமாவு அரைத்து விற்றால்கூட உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். கடை வாடகைக்கு எடுக்க அவசரப்படாதீர்கள், கோட்டை மைதானத்தில் நடந்துகொண்டேகூடப் பேசலாம், போனிலும் பேசலாம். கட்டணத்தை மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல் மாதா மாதம் வாங்குங்கள், பிடிக்காதவர் கௌரவமாக விலகிக்கொள்ளட்டும். சொந்தக்காரர்கள் "நம்ம பொண்ணுதானே" என்று இலவசமாகக் கேட்பார்கள். ஒரு முறை பேசலாம், வாராவாரம் முடியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகுங்கள்.

சாப்பாட்டுப் பட்டியலை இணையத்திலிருந்து இறக்க வேண்டாம். ஓட்ஸும் அவகாடோவும் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரம்தான் ஓடும். கேவுரு (கேழ்வரகு) களி, கீரைக் கடைசல், கம்பங்கூழ், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் என்று வீட்டில் இருப்பதை வைத்துப் பேசுங்கள். அதிலும் கவனம் வேண்டும்: "கேவுரு சாப்பிட்டா சுகர் ஏறாது" என்று இங்கே பாதி ஊர் நம்புகிறது. 100 கிராம் கேழ்வரகில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். நார்ச்சத்தும் கால்சியமும் அரிசியை விடக் கூட, உண்மை, ஆனால் நீர்க்கக் காய்ச்சிய கஞ்சியாக இரண்டு சொம்பு குடித்தால் சுகர் சரசரவென்று ஏறும். களியாகக் கையளவு, பக்கத்தில் கீரையும் பருப்பும் நிறைய என்றால் கதை வேறு. ஆற்காடு மக்கன் பேடாவுக்கு இப்படி எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

கடைசியாக, வேலூர் பாபு ராவ் தெரு, காந்தி ரோடு லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பார்க்கும் வங்காளம், ஜார்கண்ட், அசாம் நோயாளிகளை நல்ல மார்க்கெட் என்று ஒரு தம்பி கணக்குப் போட்டு வந்தார். பாஷை தெரியாத ஊரில் ரிப்போர்ட்டுக்காகப் பயத்தோடு காத்திருக்கிறவர்கள், யார் எதை நீட்டினாலும் வாங்கிவிடுவார்கள். அவர்களுக்கு என்ன சாப்பாடு என்பதை அவர்களுடைய மருத்துவக் குழுதான் சொல்ல வேண்டும், அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்றேன். தம்பி கொஞ்சம் முறைப்பாகத்தான் போனார். அவர் வீட்டுப் பக்கத்திலேயே சுகர் மாத்திரை வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் ஒரு தெரு நிறைய இருப்பார்கள், அவர்களில் இரண்டு பேரோடு ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.