2070 வரை எத்தனை டன்?

காரைக்குடிப் பக்கம் பருவநிலை பற்றிக் கூட்டம் போட்டால் யாராவது எழுந்து, "2070-க்குள்ள நெட் ஜீரோன்னு கவர்ன்மென்ட்டே சொல்லியாச்சே சார், இன்னும் நாள் கிடக்கே?" என்கிறார். நெட் ஜீரோ என்றால், வெளியிடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாகிவிடும் நிலை. படித்தவர்களும் இதையே கேட்கிறார்கள். தயவுசெய்து இந்தக் கணக்கை விடுங்கள்.

நம்மூர்க் கண்மாயைப் பாருங்கள். வரத்துக்காலில் வரும் வண்டல் வருஷா வருஷம் தங்கி, தண்ணீர் திறந்துவிடும் குமிழி மடைத் தூண் பாதிக்குமேல் மண்ணில் புதைந்து நிற்கிறது. இன்ன வருஷத்தோடு வண்டல் வரத்தை நிறுத்துவோம் என்று தீர்மானம் போடலாம். அன்றைக்குக் கண்மாய் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பது, அதுவரை சேர்ந்த வண்டலைப் பொறுத்தது. கரியமில வாயுவும் அப்படியே. ஒரு லட்சம் கோடி டன் சேர்ந்தால் புவி வெப்பம் சுமார் 0.45 டிகிரி செல்சியஸ் ஏறும் என்பது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி-யின் மதிப்பீடு.

ஓர் ஊர் 2025-ல் வருஷத்துக்கு 100 டன் கரியமில வாயு வெளியிடுகிறது என்று வைப்போம். ஒரே சீராகக் குறைத்து 2070-ல் பூஜ்யத்துக்கு வந்தால் மொத்தம் 2,250 டன். 2055 வரை அப்படியே விட்டுவிட்டு, கடைசிப் பதினைந்து வருஷத்தில் இறக்கினால் 3,750. காகிதத்தில் இரண்டுமே இலக்கை எட்டியவை! பிரிட்டன் 2008-லேயே சட்டம் போட்டு, ஐந்தாண்டுக்கு இத்தனை டன் என்ற உச்சவரம்பைச் சுமார் பன்னிரண்டு வருஷம் முன்கூட்டியே நிர்ணயிக்கிறது. தனிக்குழு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறது. நமக்கும் அதுதான் வேண்டும்.

எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். மின் நிறுவுதிறனில், அதாவது மின்நிலையங்களின் மொத்தக் கிலோவாட் திறனில், பாதி புதைபடிவ எரிபொருள் சாராதது என்ற 2030 இலக்கை இந்தியா 2025-லேயே தொட்டுவிட்டது. நல்ல செய்தி. ஆனாலும் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான். ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதே ஒரு கிலோவாட் அனல்மின் திறன் சராசரியாகச் சுமார் 16 யூனிட் தரும். கிலோவாட்டை எண்ணாமல் யூனிட்டை எண்ணுங்கள்.

நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ திட்டம் எழுதுகிறவர்கள் பில்லிலிருந்து தொடங்குங்கள். வெளியாகும் கரியமில வாயு: டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ, 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டருக்குச் சுமார் 42 கிலோ, கிரிட் மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ. பங்களா ஹோட்டல்களின் ஜெனரேட்டர் டீசலை விட்டுவிடாதீர்கள். அடிப்படை ஆண்டு எது, குறைக்கும் பொறுப்பு யாருக்கு என்பதையும் எழுதுங்கள். கன்று நட்ட கணக்கு வேண்டாம், மூன்று கோடை தாண்டிய மரங்களின் கணக்கைத் தாருங்கள். தலைவர்களே, 2030 வரை மொத்தம் எத்தனை டன் என்ற வரி இல்லாத வரைவில் கையெழுத்துப் போடாதீர்கள்.